பாறை திருப்பித் தள்ளும்போது

கப்பிக்கயிறு:
நிலா, செவ்வாய் போன்ற இடங்களில் பாறையைத் துளைக்கும் ரோவர் (ஆளில்லா ஊர்தி) ஒன்றை இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குச் செய்தோம், எடை 12 கிலோ. அலுமினியச் சட்டம், கார்பன் ஃபைபர் கை, அதன் நுனியில் சின்ன டிரில். துளைக்கக் கல் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலிருந்து வந்தது. நிலாவின் மேட்டுநிலத்தில் இருக்கும் அனார்த்தோசைட் வகைப் பாறை அங்கே உண்டு. சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்ததும் அந்தப் பக்கத்துப் பாறையை அரைத்துத்தான்.

சும்மா தரையில் நிறுத்தித் துளைத்தால் பிரச்சினை இல்லை. செவ்வாயில் ஈர்ப்பு இங்கே உள்ளதில் 38 சதவீதம்தானே? அதற்காக ரோவரைக் கயிற்றில் கட்டி, கப்பி வழியாக மறுமுனையில் ஏழரை கிலோ தொங்கவிட்டோம். டிரில்லை இறக்கியதும் முன்சக்கரம் இரண்டும் எழும்பிவிட்டன. பிட் (டிரில்லின் முனை) வெள்ளைக் கல்மேல் வழுக்கி ஒரு கீறல் போட்டதோடு சரி. பெரிய மோட்டார் போட்டும் பயனில்லை. நாம் அழுத்துகிற அளவுக்குப் பாறையும் திருப்பித் தள்ளும். வண்டிக்கு அதைத் தாங்கும் எடை வேண்டுமே.

கடைசியில் கைகொடுத்தது எலக்ட்ரீஷியன் சுவரில் ஓட்டை போடும் ஹேமர் டிரில் முறை. ஒரு கேம் (ஒரு பக்கம் புடைத்த சுழல் சக்கரம்) ஸ்பிரிங்கை இழுத்து இழுத்து விட, சின்னச் சுத்தியல் பிட்டின் தலையில் படபடவென்று அடிக்கும். கொஞ்சம் அழுத்தினால் போதும், மீதியை அடி பார்த்துக்கொள்ளும். செவ்வாயில் இருக்கும் நாசா ரோவர்களான, கிட்டத்தட்ட ஒரு டன் எடையுள்ள கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் இவற்றின் டிரில்களிலும் இந்த அடி உண்டு. சத்தம்தான் காது கிழிகிறது.

குழாய்க்காரன்:
துளை விழுந்தாலும் கல் குழாய்க்குள் வர வேண்டுமே தம்பி! குழாய் இறக்கிக் கல் எடுக்கும் வேலையில், உதிர்கிற மணற்கல்லில் எங்களுக்குப் பலமுறை வெறுங்குழாய்தான் வந்திருக்கிறது. பெர்சிவரன்ஸுக்கும் 2021 ஆகஸ்டில் இதே கதை. டிரில் ஒழுங்காக இறங்கியது, குழாயை மூடி முத்திரையும் வைத்தாயிற்று, உள்ளே கல் இல்லை. பாறை பொடியாகிப் போயிருந்தது. அடுத்த மாதம் கெட்டியான வேறு பாறையில் எடுத்தபோது, மூடுவதற்கு முன் கேமராவால் குழாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அந்த வெறுங்குழாயும் வீணில்லை, செவ்வாய்க் காற்றின் சாம்பிள் என்று கணக்கில் சேர்ந்துவிட்டது.

குறுங்கோள்பித்தன்:
பென்னு (Bennu) மாதிரி ஈர்ப்பு மிகக் குறைந்த குறுங்கோளில் அழுத்தும் பேச்சுக்கே இடமில்லை. 2020 அக்டோபரில் நாசாவின் ஓசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம் அங்கே நைட்ரஜனை ஊதிக் கல்லைக் கிளப்பிப் பிடித்தது. மூடியில் கற்கள் சிக்கி, கொஞ்சம் வெளியே மிதந்தே போனது. அப்படியும் பூமிக்கு வந்தது 121.6 கிராம், 60 கிராம் கிடைத்தால் போதும் என்பதுதான் திட்டம்.

கப்பிக்கயிறு அண்ணா, சுத்தியல் அதிர்வு கார்பன் கையின் மூட்டுக்குப் போகவில்லையா?

கப்பிக்கயிறு:
போனது. டிரில்லுக்கும் மூட்டுக்கும் நடுவே ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் வளையம்) வைத்திருக்கிறோம். செவ்வாய்க் குளிரில் ரப்பர் விறைத்துவிடும், அங்கே இது உதவாது.