வீட்டருகே கடந்தைக் கூடு: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

புளியரையிலிருந்து:

கடந்தல், கதண்டு என்றெல்லாம் சொல்லும் பெரிய குளவியைத்தான் நாங்கள் கடந்தை என்கிறோம். அதன் கூடு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராக அந்த இரவுக்கு வருகிறேன். தொழுவத்தை ஒட்டி நிற்கும் குட்டைத் தென்னையில் கவிழ்த்த பானை அளவுக்குக் கூடு தொங்கியது. ஊர் வழக்கப்படி மூங்கில் கழியின் நுனியில் சாக்கைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துப் பந்தம் தயாரித்தோம். பந்தத்தைப் பிடித்தவர் பக்கத்து வயல்காரர். மரத்திலிருந்து பத்தடி தள்ளி நின்று டார்ச் அடித்தவர் என் தாய்மாமா.

தீப் பிடித்ததும் கூட்டின் ஒரு பக்கம் பிய்ந்து விழுந்தது. அடுத்த கணம் நான் கண்டது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. டார்ச்சின் வெளிச்சம் புகைக்குள் ஒரு வெள்ளைக் கம்பிபோல நீண்டிருந்தது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதுபோல கடந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாமாவின் கையை நோக்கி வந்தன. பந்தம் பிடித்தவருக்கு இரண்டே கொட்டு. மாமாவுக்கு எண்ணிப் பார்த்ததில் பத்தொன்பது. அவர் டார்ச்சை அணைக்கவுமில்லை, கீழே போடவுமில்லை. ஏனென்றால் அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் நான், “மாமா, அசையாமல் பிடியுங்கள்” என்று சொல்லியிருந்தேன்.

ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு நலமாகத் திரும்பினார். அந்த வார்த்தையைப் பற்றி இதுவரை அவர் எதுவும் கேட்டதில்லை.

குலசேகரத்திலிருந்து:

புளியரை அண்ணன் எழுதியதைப் படித்ததும் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நான் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவது எங்கள் தொழில். வளைவான ஒரு மரத்தின் தாழ்ந்த கிளையில் கடந்தல் கூடு கட்டியிருந்தது எனக்குத் தெரியாது. கத்தியை வைத்துப் பட்டையை இழுத்த அதிர்வு மரத்தின் வழியே ஏறியிருக்க வேண்டும். வந்தவை அத்தனையும் விளக்குக்கு வந்தன, அந்த விளக்கு என் நெற்றியில் இருந்தது. நான்கு கொட்டு வாங்கிய பிறகுதான் விளக்கைப் பிய்த்து எறிய வேண்டும் என்று தோன்றியது. எறிந்துவிட்டு, பால் பிடிக்கும் சிரட்டைகள் உருள இருட்டில் ஓடிப் போய் ஒரு கையாலைக்கு, அதாவது தோட்டத்து எல்லைச் சுவருக்கு, பின்னால் குந்தினேன். அங்கிருந்து பார்த்தால், தரையில் கிடந்த விளக்கின் கண்ணாடிமேல் அவை வட்டம் வட்டமாக நடந்துகொண்டிருந்தன. பொழுது விடியும்வரை நான் அங்கேயே இருந்தேன்.

ஆகவே, இரவில் கடந்தலுக்குக் கண் தெரியாது, இரவில் போய்க் கூட்டை எடுத்துவிடலாம் என்று சொல்லுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. இரவில் எல்லாம் கூட்டுக்குள் அடங்கியிருக்கும் என்பதுவரை உண்மை. வெளியே போனவை திரும்பி வந்து நம்மைச் சூழாது என்பதால் அந்த நேரம் நல்லது. ஆனால் கலைந்துவிட்டால் அவை வெளிச்சத்துக்குத்தான் வரும். வெளிச்சம் தேவைப்பட்டால் டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்ட வேண்டும், ஏனென்றால் சிவப்பு அவற்றின் கண்ணுக்கு ஏறக்குறைய இருட்டுதான். அதோடு, டார்ச்சைக் கையில் பிடிக்காமல் தூரத்தில் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, நாம் அதற்கு விலகி நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூட்டுக்குப் பக்கத்தில் ஒன்றைக்கூட அடித்து நசுக்கக் கூடாது. நசுங்கியதன் நஞ்சிலிருந்து எழும் வாடை மற்றவற்றுக்கு அழைப்பு மணி மாதிரி. தேனீயைப்போல ஒரு முறை கொட்டிவிட்டுச் சாகிற பிறவியும் இல்லை இது. கொடுக்கில் முள் பற்றாததால் ஒன்றே எத்தனை முறை வேண்டுமானாலும் கொட்டும். தீயைப் பற்றி அண்ணன் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது, தொழுவத்துக்குப் பக்கத்தில் பந்தம் ஏற்றியது எனக்குச் சரியாகப் படவில்லை. வைக்கோல் பற்றியிருந்தால் இன்று இந்தக் கதையே வேறு. தீயணைப்பு மீட்புப் பணியினர் உடல் முழுவதையும் மூடும் உடுப்போடு வருகிறார்கள், 101 என்று அழைத்தால் போதும். நான் அழைத்தபோது மட்டும் என் தொலைபேசி மலைக்கு அப்பால் உள்ள கோபுரத்தைப் பிடித்துவிட்டதால் மறுமுனையில் மலையாளத்தில் பேசினார்கள். எந்த மாவட்டம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

வேலந்தாவளத்திலிருந்து:

நான் செவிலியர். கூட்டை நான் பார்த்ததே இல்லை, கூட்டிலிருந்து வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு மாலையில், தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஆட்டோவிலிருந்து தானே இறங்கி நடந்து வந்தார். “ஒண்ணே ஒண்ணுதான் சாமி கொட்டுச்சு, இவங்கதான் கேக்காம கூட்டிட்டு வந்துட்டாங்க” என்று மருமகளைக் கடிந்துகொண்டே வந்தவரின் குரல், அந்த வாக்கியம் முடிவதற்குள் மாறிப்போனது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல் கம்மிய அந்தக் குரல்தான் எனக்கு இன்றும் கேட்கிறது. அடுத்த சில நொடிகளில் அவர் சரிந்தார். மருந்து கையெட்டும் தூரத்தில் இருந்ததால் பிழைத்தார்.

பத்தொன்பது கொட்டு என்று எழுதியவரும் நான்கு கொட்டு என்று எழுதியவரும் எண்ணிக்கையையே ஆபத்தின் அளவாகக் கொள்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு போதும். உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். அவரை நடக்க விடாமல் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்கார விடுங்கள். அந்த நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி, பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவோம். ஒவ்வாமை மாத்திரை அரிப்பைத் தணிக்குமே தவிர அந்த ஊசியின் வேலையைச் செய்யாது. சுண்ணாம்பு தடவிக்கொண்டு வருகிறவர்களை நாங்கள் திட்டுவதில்லை, ஆனால் சுண்ணாம்பு தேடுவதில் போகும் நேரத்தைப் பற்றி வருத்தப்படுகிறோம்.

பல கொட்டுகள் வாங்கியவர்களின் ஆபத்து வேறு வகையானது. வலியும் வீக்கமும் வடிந்து வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றும் வேளையில் நஞ்சு தசையைச் சிதைத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் குறைந்தாலோ கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனாலோ உடனே வர வேண்டும். புளியரைக்காரரின் மாமாவை ஐந்து நாள் வைத்திருந்தது இதற்காகவும் இருக்கலாம், அதை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம்.

செங்கோட்டையிலிருந்து:

என்னுடையது சிறிய அனுபவம். சன்னல் மூலையில் மண்ணால் கட்டியிருந்த கூட்டைப் பார்த்து வீடே பதறியது. என் ஆச்சி மட்டும், குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும், கை வைக்காதே என்றார். அது தனியாக வாழும் மண்குளவி. சிலந்திகளைக் கொட்டி மயக்கி, தன் புழுவுக்குத் தீனியாக அடைத்து வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. காவல் காக்கக் கூட்டம் கிடையாது. மண் கூடா, சாம்பல் நிறக் காகிதக் கூடா என்று பார்த்துவிட்டுப் பதறுங்கள். குழந்தை பிறந்ததா என்று கேட்காதீர்கள்.

அருமனையிலிருந்து:

நான் தேனீ வளர்ப்பவன். கடந்தல் என் பெட்டியின் வாசலில் காத்திருந்து, வெளியே வரும் தேனீயை அந்தரத்திலேயே பிடித்துத் தலையையும் இறகையும் கிள்ளி எறிந்துவிட்டு நடு உடம்பைத் தூக்கிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன். அதன்மேல் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் போன ஆண்டு பக்கத்துத் தெருவில் “கதம்ப வண்டு” என்று சொல்லி எரித்தது மலைத்தேனீயின் கூடு. நான் போய்ச் சேர்ந்தபோது மெழுகு உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மெழுகு சொட்டினால் அது தேனீ, அவ்வளவுதான். கடந்தல் மரநாரை மென்று எச்சிலில் குழைத்துக் கட்டுவது, எரிந்தால் காகிதச் சாம்பல்தான் விழும். செய்தித்தாளில் கதண்டு, கதம்ப வண்டு என்று எழுதுவதால் வண்டா குளவியா தேனீயா என்றே மக்களுக்குத் தெரியாமல் போகிறது. கடந்தல்தானா என்று தெரிய, முன்பாதி வயிறு மஞ்சளும் பின்பாதி கறுப்புமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து:

எல்லோரும் மரத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள், எங்களுக்கு வந்தது சுவர். வெளிச்சுவரில் பழைய குழாய்த் துளை வழியே கடந்தை போவதும் வருவதுமாக இருந்தது. காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு என் கணவர் இரவோடு இரவாக அந்தத் துளையைச் சிமெண்டால் பூசினார். மறுநாள் நிசப்தம்; அவர் முகத்தில் வெற்றி. மூன்றாம் இரவு, படுக்கையறையின் பொய்க்கூரைக்கு மேலே யாரோ நகத்தால் காகிதத்தைச் சுரண்டுவதுபோன்ற சத்தம் கேட்டது. எலி என்றார். விடிகாலையில் விளக்கைப் போட்டபோது, பல்பு பொருத்திய இடத்தில் ஒரு பொட்டு அளவு ஓட்டை. அதில் ஒரு தலை. முதலில் உணர்கொம்பு வந்தது, பிறகு கண், பிறகு அது நிதானமாக ஒரு காலை வெளியே வைத்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதுகூட நான் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியை அடைத்தால் அவை உள்ளேயே சாகும் என்பது பொய், வேறு வழியைக் கடித்துத் திறக்கும், அது நம் அறையாக இருக்கும். பிறகு வந்த பூச்சிக்கட்டுப்பாட்டுக்காரர் துளையைத் திறந்து, பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்துத் தூளை உள்ளே ஊதி, போக்குவரத்து முற்றிலும் நின்றதை உறுதி செய்துகொண்ட பிறகே பூசச் சொன்னார். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார், பனி விழும்வரை பொறுத்தால் கூடு தானே அழிந்துவிடும் என்றார். அங்கே மண்ணுக்குள் கூடு கட்டும் மஞ்சள் குளவிகளுக்கு அது சரி, முதல் உறைபனியோடு வேலைக்காரக் குளவிகள் செத்துப் புதிய ராணிகள் மட்டுமே மிஞ்சும். கூடலூரில் எந்தப் பனிக்காக நான் காத்திருப்பது?

மறுபடியும் புளியரையிலிருந்து:

குலசேகரத்துத் தம்பி சொன்ன வைக்கோல் உண்மைதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. செவிலியர் அம்மாவுக்கு நன்றி; மாமாவின் சிறுநீரை ஐந்து நாளும் அளந்தார்கள், காரணம் இப்போதுதான் புரிகிறது.

இந்த ஆண்டு அடுத்த தென்னையில் கட்டியிருக்கிறது. தீயணைப்பு நிலையத்தில் சொல்லியாகிவிட்டது, இன்று இரவு எட்டு மணிக்கு மேல் வருவதாகச் சொன்னார்கள். மாடுகளை அவிழ்த்து மேலத்தெருவில் கட்டிவிட்டோம், தெருவிளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறேன், கிணற்றடிக்கு யாரும் போவதில்லை. மாமா காலையிலேயே வந்துவிட்டார். டார்ச் எங்கே என்று கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். பாட்டரியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.