தாயமே விழவில்லை, கோடில் தப்பா?

கேள்வி:
போனில் ஆட ஒரு தாயக்கட்டை ஆட்டம் எழுதி, முதலில் அத்தையிடம் கொடுத்தேன். 22 உருட்டு, ஒரு தாயம்கூட இல்லை. ஒரு காயும் இறங்கவில்லை. "உன் போன் அழுகுணி ஆட்டம் ஆடுதுடா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 0 முதல் 3 வரை. கூட்டி 1 வந்தால் தாயம், இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. எங்கே கோளாறு?

பதில் 1:
உருட்டும்போதெல்லாம் சீட் (seed, தற்செயல் எண்களைக் கணக்கிடத் தொடங்கும் எண்) வைக்கிறீர்களா? நேரத்தை விநாடிக் கணக்கில் சீடாகக் கொடுத்தால், ஒரே விநாடிக்குள் எத்தனை தடவை உருட்டினாலும் அதே எண்தான் வரும்.

கேட்டவர்:
இல்லை, ஆட்டம் தொடங்கும்போது ஒரே முறைதான். லட்சம் தடவை ஓட்டியும் பார்த்தேன், தாயம் 12.5 சதவீதத்தை ஒட்டியே வருகிறது.

பதில் 2:
அப்போ கோடு சரி. 16 சேர்க்கையில் தாயம் 2, அதாவது எட்டில் ஒன்று. 7/8ஐ 22 தடவை பெருக்கிப் பாருங்கள், நூற்றுக்கு 5 வரும். இருபது பேர் ஆடினால் ஒருவருக்கு இந்தக் கதிதான். பித்தளைக் கட்டை என்றால் கைராசியைத் திட்டுவோம்; போன் என்றால் எழுதினவனை.

இப்போதைய டெட்ரிஸில் 7 வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, தீரும் வரை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அதுபோலச் செய்யலாம். ஆனால் 16 சீட்டுப் பை வேண்டாம், நான் அதில் மாட்டியிருக்கிறேன். ஒரு பையில் இரண்டு தாயமும் முதலிலேயே போய், அடுத்ததில் கடைசியில் நின்றால் நடுவில் 28 உருட்டு வெறும் உருட்டு! எட்டெட்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பை வைத்து, பைக்கு ஒரு தாயம் போடுங்கள். 14க்கு மேல் போகாது.

பதில் 3:
பை என்றால் எண்ணிவிடுவார்கள். டோட்டா 2 என்ற கணினிச் சண்டை ஆட்டத்தின் வழியைப் பாருங்கள்: விழும் வாய்ப்பு 25 சதவீதம் என்று போட்டிருக்கும் அடி, முதல் தடவை சுமார் 8.5 சதவீதம்தான், தவறத் தவற ஏறும், விழுந்ததும் பழையபடி இறங்கும். சராசரி 25தான்.

கேட்டவர்:
பையைத்தான் போட்டேன். அத்தை மூன்றாவது ஆட்டத்திலேயே, "ஏழு போச்சு, இப்ப தாயம் பாரு" என்றார். விழுந்தது. இன்று இரவு டோட்டா வழிக்கு மாற்றுகிறேன்.