ஸ்கார்பியன்ஸ் லிஸ்பன் கச்சேரி: கிட்டாரில் வயர் இருந்தால் என்ன குறைந்துபோச்சு?

சிம்மக்கல் கிட்டார்:
நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: வயசான ராக் குழுக்கள் சத்து குறைந்ததும் மின்சாரம் சேர்க்காத அக்கூஸ்டிக் வாசிப்பின் பக்கம் ஒதுங்கிவிடுகிறார்களாம், ஸ்கார்பியன்ஸ் லிஸ்பனில் வாசித்ததே ஏமாற்றாம், கிட்டார்களில் வயர் தொங்குகிறதாம். படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை.

1965-இல் ஜெர்மனியின் ஹானோவரில் தொடங்கிய குழு அது. 2001 பிப்ரவரியில் லிஸ்பனில் ஒரு பழைய மடத்துக்குள் உட்கார்ந்து வாசித்தார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு சுரத்தை ரொம்ப நேரம் இழுத்து நிறுத்தலாம். மரக்கிட்டாரில் தட்டியதும் தேய ஆரம்பித்துவிடும். அந்த இடைவெளியில் பாடுகிறவர் பிசிறினால் கடைசி வரிசைவரை தெரியும். பாடகர் கிளவுஸ் மைனேவுக்கு அப்போது வயது 52. எண்பதுகளின் தொடக்கத்தில் குரல்நாணில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனிதர். சத்து குறைந்தவர் இப்படி வந்து உட்காருவாரா?

புதூர்க்காரன்:
எழுதியது நான்தான். 'ஒருவர்' என்று மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி ஒன்றுதான். வயர் இருக்கிறதா, இல்லையா?

சிம்மக்கல் கிட்டார்:
இருக்கிறது. அதனால் என்ன? கம்பி அதிர்வதும் மரம் அதிர்வதும் அங்கேயே நடக்கிறது. வயர் அதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். எலெக்ட்ரிக் கிட்டாரில் காந்தமும் சுருளும் இல்லாமல் கூட்டத்துக்குக் கேட்கிற சத்தமே கிடையாது. இரண்டும் ஒன்றா தம்பி?

புதூர்க்காரன்:
அதிர்வை மின்சாரமாக மாற்றி வயருக்கு அனுப்பும் பிக்கப் எங்கே இருக்கிறது? கம்பி உட்காரும் இடத்துக்கு அடியில். அப்படியென்றால் அது எடுப்பது கம்பியின் அழுத்தத்தை. பெட்டிக்குள் சுழலும் காற்றை எங்கே எடுக்கிறது? மைக்கை முன்னால் வைத்து வாசித்திருந்தால் ஒத்துக்கொள்வேன். வயர், வயர்தான்.

தெப்பக்குளம் வாசகி:
மதுரையில் இருந்துகொண்டு இதற்கு ஒரு சண்டையா? கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆடி வீதியில் நின்றால் மைக்கே தேவையில்லை. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

சிம்மக்கல் கிட்டார்:
அக்கா, நாதஸ்வரத்தை யார் குறை சொன்னார்கள்? நாதஸ்வரம் திறந்தவெளிக்கென்றே உருவான வாத்தியம். கிட்டார் ஓர் அறைக்குள் வாசிக்க உருவானது. ஆயிரம் பேருக்கு முன்னால் வாசிக்க வயர் வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் நாதஸ்வரத்தை நடுவில் இழுத்தால் எப்படி?

தெப்பக்குளம் வாசகி:
நான் எதையும் இழுக்கவில்லை. போன மாதம் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பற்றிய விவாதத்திலும் என்னை இப்படித்தான் மடக்கினீர்கள். நான் மறக்கவில்லை.

சிம்மக்கல் கிட்டார்:
கிளாப்டன் 1992-இல் அக்கூஸ்டிக் வாசித்தபோதும் பிக்கப் உண்டு. நிர்வாணா குழு 1993 நவம்பரில் நியூயார்க்கில் அப்படி வாசித்தபோது, அதன் பாடகர் கர்ட் கோபேன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பையே பெட்டிக்குள் மறைத்து மேடையில் வைத்திருந்தார். அதையெல்லாம் உலகமே கொண்டாடுகிறது. ஸ்கார்பியன்ஸ் செய்தால் மட்டும் ஏமாற்றா?

புதூர்க்காரன்:
அதுவும் ஏமாற்றுதான். ஊரே செய்தால் சரியாகிவிடுமா? ஆம்பை மறைத்து வைத்தார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி அண்ணே.

வைகைக்கரை:
2007 டிசம்பரில் ஸ்கார்பியன்ஸ் பெங்களூர் வந்தபோது நான் நேரில் போய்க் கேட்டவன். முழு எலெக்ட்ரிக். நெஞ்சுக்குள் டிரம்ஸ் அடித்தது. அதைக் கேட்டுவிட்டு லிஸ்பன் பதிவைப் போட்டால், பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்த மாதிரி இருக்கிறது. நேரில் கேட்காதவர்கள்தான் இங்கே நீளநீளமாக எழுதுகிறார்கள்.

சிம்மக்கல் கிட்டார்:
பெங்களூர் டிக்கெட் பெருமையை எத்தனை தடவை சொல்வீர்கள்? எலெக்ட்ரிக் கச்சேரியை அவர்கள் ஊர் ஊராக வாசித்துக்கொண்டேதான் இருந்தார்கள். லிஸ்பனுக்குப் பிறகு முழு நீள அக்கூஸ்டிக் பதிவு வந்தது 2013-இல், ஏதென்ஸில், லைக்கபெட்டஸ் குன்றின்மேல் இருக்கிற திறந்தவெளி அரங்கில். நடுவில் பன்னிரண்டு வருஷம். அபூர்வமாகக் கிடைப்பதை உட்கார்ந்து ரசிக்காமல் வயரை எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி? அவர்களுடைய 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அப்போது வயர் தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

புதூர்க்காரன்:
2010-இல் விடைபெறுகிறோம் என்று அறிவித்தவர்கள்தானே 2013-இல் ஏதென்ஸில் உட்கார்ந்தார்கள்? அந்தச் சொல்லையும் காப்பாற்றவில்லை, அக்கூஸ்டிக் என்ற சொல்லையும் காப்பாற்றவில்லை.

சிம்மக்கல் கிட்டார்:
போகிறேன் என்றவர்களை ரசிகர்கள் விடவில்லை. அதுவும் குற்றமா? அமெரிக்காவின் ஈகிள்ஸ் குழு 1980-இல் பிரிந்து, 1994-இல் சேர்ந்து, 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பாட்டை நைலான் கம்பிக் கிட்டாரில் தொடங்கினார்கள். அதைக் கேட்டு உருகியதாக நீங்களே இங்கே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு வயர் கண்ணில் படவில்லையா?

புதூர்க்காரன்:
ஈகிள்ஸைத் தொடாதீர்கள். அது வேறு.

வைகைக்கரை:
என்ன வேறு? அங்கேயும் வயர்தான்.

புதூர்க்காரன்:
உங்களை யார் கேட்டது? என்னிடம் வாங்கிப்போன ஈகிள்ஸ் டிவிடியை முதலில் திருப்பிக் கொடுங்கள்.

தெப்பக்குளம் வாசகி:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சிம்மக்கல் கிட்டார்:
சொல்லிவிட்டேன் அக்கா, மேலே ஏறிப் படியுங்கள். தம்பி புதூர், ஈகிள்ஸ் எப்படி வேறு என்று சொல்லாமல் இந்தப் பேச்சை விடமாட்டேன். நாளைக்கு ஏதென்ஸ் பதிவிலிருந்து ஒவ்வொரு பாட்டாக எடுத்து எழுதுகிறேன்.

புதூர்க்காரன்:
எழுதுங்கள். எத்தனை வயர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.