த்ரூ த ஃபேர்: பெலூவ் காட்டு வழியாக நடந்த அனுபவம்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் அருவிக்குப் பஞ்சமில்லை, சலாசி என்கிற மலைப்பகுதிக்குப் போகிற சாலையோரம் காரை நிறுத்தினாலே வேண்டிய மட்டும் பார்க்கலாம். ஆனால் நடந்துபோய் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் என்னைப் பொறுத்தவரை பல அருவிகள் விழும் த்ரூ த ஃபேர் என்கிற ஆழமான பள்ளம்தான். செயிண்ட் ஆந்த்ரே ஊரில் பக்கத்து வீட்டு அண்ணன் கூப்பிட்டு ஆகஸ்டில் போனோம், மழை குறைந்த பருவம். இருட்டோடு கிளம்பினோம், ஏனென்றால் காலை ஏற ஏற மேகம் வந்து பள்ளத்தை மூடிவிடும், அப்புறம் வெறும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நாங்கள் ஏறத் தொடங்கிய எல்பூர் என்கிற மலையூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 930 மீட்டர் உயரம், மேலே பெலூவ் காட்டில் இருக்கும் தங்குமிடம் 1,500. அந்த ஏற்றத்தில்தான் மூச்சு வாங்கும். மேலே போனால் காட்டுக்குள் மூன்றரை கிலோமீட்டர், ஏற்றம் அதிகமில்லை, ஆனால் சேறு. பலகை போட்ட இடத்திலும் பாசி வழுக்குகிறது.

அந்தக் காட்டைச் சொல்லியே ஆக வேண்டும். தமரேன் என்கிற அகேசியா மரங்கள், உலகத்தில் இந்தத் தீவில் மட்டும்தான் இயற்கையாக வளர்கின்றன. புயலில் சாய்ந்தது சாவதில்லை, படுத்த மரத்திலிருந்தே புதுக் கிளைகள் நிமிர்ந்து எழுகின்றன, அதன் மேலெல்லாம் பாசி. நடுநடுவே ஆள் உயரத்துக்கு மேல் மரப்பெரணிகள். ஆர்க்கிட் தொட்டிக்காக இவற்றின் தண்டை ஒரு காலத்தில் வெட்டித் தள்ளியிருக்கிறார்கள், நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஓரிடத்தில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். டெக், டெக் என்று ஒரு சத்தம். தலை கறுப்பு, நெஞ்சில் லேசான ஆரஞ்சு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குருவி. “அசையாதே தம்பி, அதுவா வரும்” என்றார் அண்ணன். வந்தது, என் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி ஒரு குச்சியில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. டெக்-டெக் குருவிகள் மனிதர்களிடம் இப்படித்தான் பழகுமாம். எதையும் போடாதீர்கள், பூச்சி தின்கிற பறவை அது.

கடைசியில் மரத்தாலான பார்வைத் தளம். எதிரே சுமார் 300 மீட்டர் ஆழம், பச்சைச் சுவரில் பல அருவிகள் ஒரே குழிக்குள் விழுகின்றன. இடையில் ஹெலிகாப்டர்கள் வந்து அந்த ஓசையைக் கெடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அருவியின் அடிக்கு நடைபாதை கிடையாது, கயிறும் தேர்ந்த வழிகாட்டியும் இல்லாமல் இறங்க நினைக்கவே கூடாது.

ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். புதுச்சேரியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் அப்போது வேண்டாம். மற்ற மாதங்களிலும் பாதை திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.