சனி மென்பந்து, ஞாயிறு மழை: கோலாலம்பூர் ஆட்டங்கள் பற்றி

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்து எங்கட ஊர்க் கழகத்தின் இரண்டு நாள் கிறிக்கெற் ஆட்டங்களுக்குக் கோலாலம்பூர் வந்த எல்லாரும் அவரவர் நாட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். படங்கள் வட்ஸ்அப்பில் வந்துவிட்டன. யாருக்குத் தொப்பை வைத்திருக்கிறது, யாருக்குத் தலைமயிர் கொட்டியிருக்கிறது என்பதெல்லாம் கதைத்து முடிந்தது. நான் எழுத வந்தது அடுத்த வருடத்தைப் பற்றி. அடுத்த முறை இரண்டு நாளும் கடினப்பந்து, அதாவது தோல்பந்துதான், அதுதான் கழகத்துக்கு மரியாதை என்று ஒரு பகுதியார் முடிவெடுத்தே விட்டது போலக் கதை அடிபடுகிறது. நான் அதற்கு ஒத்துவரமாட்டேன். வராதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக, நடந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

சனிக்கிழமை மென்பந்து, அதாவது ரெனிஸ் பந்து. பெட்டாலிங் ஜெயாப் பக்கம், வீடுகளுக்கு நடுவில் ஒரு பொது மைதானம். பாடாங் என்று இங்கத்தைத் தமிழாக்கள் சொல்வார்கள். கோலாலம்பூரில் காலை ஏழு மணி கடந்துதான் வெளிக்கும். எட்டுக்கு முதல் பந்து போட்டுவிட்டோம். அணிக்கு எட்டுப் பேர், ஆறு ஓவர். எங்கட அணி இரண்டு, அயலூர்க்காரர் அணி இரண்டு. அதோடு இங்கேயே பிறந்து வளர்ந்த, பூட்டன் காலத்தில் எங்கட ஊரை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஓர் அணி. விதி ஊர் விதி.

ஊர் விதி தெரியாத இளையவர்களுக்கு: எங்கட மைதானத்தில் ஒரு பக்கம் முழுக்க வளவுகள். வேலிக்கு மேலால் பந்து போனால் ஆறு ஓட்டம் இல்லை, ஆட்டமிழப்பு. பந்தை எடுக்கப் போகிறவனுக்கு ஆச்சிமாரிடம் கிடைக்கும் பேச்சு தனி. அதனால்தான் எங்கட ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நேராக அடிக்கிற ஆட்கள். அயலூர்க்காரர் எல்லாம் காலைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வீச, எங்கட பெடியள் பந்துவீச்சாளரின் தலைக்கு மேலால் அடிக்கிறார்கள். பாடாங்கில் வேலியும் இல்லை, ஆச்சியும் இல்லை. நாற்பது கடந்தவர்களுக்கு அப்போதும் குறுக்கே அடிக்கக் கை வரவில்லை. ரொறன்ரோவில் இருந்து வந்த ஒரு தம்பி, "அண்ணை, அந்தப் பக்கம் ஆளே இல்லை, அடியுங்கோ" என்று கத்தியும் பயனில்லை.

அன்று ஆடாதவர் என்று சொல்ல ஆள் கிடையாது. சூரிச் அக்காவின் மகள் இரண்டு ஓவர் போட்டு, தன் மாமனாரையே ஆட்டமிழக்கச் செய்தாள். அறுபது தாண்டிய மூன்று பேர் ஓடாமல் நின்றபடி களத்தடுப்புச் செய்தார்கள், பந்து அவர்களைத் தேடித் தேடிப் போனது. ஊரில் இருந்து வேலைக்கு வந்து இங்கே நிற்கிற ஒரு பெடியன் அடித்த அடியை எல்லாரும் கண்டீர்கள். ஒரு பந்து பாடாங்கைத் தாண்டி வாகனத் தரிப்பிடத்தில் விழுந்தது. சனிக்கிழமையின் நாயகன் அவன்தான், அதில் யாருக்கும் மறுகதை இல்லை. இவனை இரண்டாம் நாள் கதையிலும் சந்திக்க வேண்டிவரும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் எனக்கு ஆட்டத்தை விடப் பிடித்தது. பேரனின் அணிக்கு ஆதரவாக வந்திருந்த ஒரு பெரியவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். தகப்பனார் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்தவர். எங்கட ஆட்கள் எழுதுவினைஞர்களாகவும் ரயில்வேக்காரர்களாகவும் வந்து பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் குடியேறிய காலத்தை அவர் தெருத்தெருவாகச் சொன்னார். இன்றைக்குச் சுதந்திரச் சதுக்கம் என்று படம் பிடிக்கப் போகிறோமே, சிலாங்கூர் கிளப்புக்கு முன்னால் கிடக்கிற அந்தப் புல்வெளி, அதுதான் அந்தக் காலத்துக் கிறிக்கெற் மைதானம். 1957 ஆகஸ்ட் 31 நள்ளிரவில் ஆங்கிலேயக் கொடி இறங்கியதும் அங்கேதான்.

பிறகு அவர் ஒரு கேள்வி போட்டார்: இந்தியா முதன்முதல் டெஸ்ட் ஆடியபோது அணியில் கோலாலம்பூரில் பிறந்த ஒருத்தர் இருந்தார், யார்? எங்கள் மேசையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. லால் சிங். 1909இல் இங்கே பிறந்த சீக்கியர். 1932இல் லோர்ட்ஸில் ஆடிய அந்த ஒரு டெஸ்டோடு சரி. களத்தடுப்பில்தான் பெயர் வாங்கினார். கடைசிக் காலத்தில் சிலாங்கூர் கிளப் மைதானத்தைப் பராமரிப்பவராக இருந்தார். "கிரிக்கெட்ன்னா சிலோன்காரங்க மட்டும்னு நெனச்சிங்களா?" என்று பெரியவர் சிரித்தார்.

அப்போதுதான் இலண்டன் தம்பி ஒருவர், மலேசியாவில் யார் கிறிக்கெற் ஆடுகிறார்கள் என்று வாயைக் கொடுத்தார். பேரன் விடவில்லை. 2008இல் விராட் கோலியின் 19 வயதுக்குட்பட்ட அணி உலகக் கிண்ணத்தை வென்றது இதே ஊர் கின்ராரா ஓவல் மைதானத்தில். 2023இல் மலேசிய வீரர் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டங்களுக்கு 7 இலக்குகளை (விக்கெற்) எடுத்தார். ஆண்களின் சர்வதேச ரி20இல் ஏழு இலக்கு எடுத்த முதல் ஆள் அவர்தான். இலண்டன் தம்பி அதற்குப் பிறகு சோற்றில் கவனம் செலுத்தினார்.

சனி இறுதியாட்டத்தில் மலேசியப் பேரப்பிள்ளைகள் எங்களை வென்றார்கள். ஊர் விதிப்படியே வென்றார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

இனி ஞாயிறு.

கடினப்பந்து ஆட வேண்டும் என்று கேட்டவர்களுக்காகப் புல் ஆடுகளம் உள்ள மைதானம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். காலை நேரங்களை லீக் அணிகள் முன்னமே பிடித்துவிட்டதால் எங்களுக்குக் கிடைத்தது பகல் ஒரு மணி. இங்கே இருப்பவர்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்: பகல் முழுக்கக் காய்ந்த வெக்கை பின்னேரத்தில் இடியும் மழையுமாகத்தான் இறங்கும். ஆனால் விமானச்சீட்டு எடுத்தாயிற்று, நாளை மாற்ற முடியாது.

பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. சனிக்கிழமை நாற்பது பேர் ஆடின கூட்டத்தில், கடினப்பந்து என்றதும் முக்கால்வாசிப் பேர் கூடாரத்துக்குள் போய்விட்டார்கள். பெண்பிள்ளைகள், பெரியவர்கள், சின்னவர்கள் எல்லாரும் பார்வையாளர். தலைக்கவசம் மூன்று, அதில் ஒன்று யாருடைய தலைக்கும் பொருந்தவில்லை. காற்காப்புகளை ஆட்டமிழந்து வருகிறவரின் காலில் இருந்து கழற்றி அடுத்தவருக்குக் கட்டினோம். பாரிஸ் அண்ணை ஸ்லிப்பில் ஒரு பிடியெடுக்கப் போய் விரலைக் கொடுத்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை நாயகன் மூன்றாவதாக இறங்கினான். முதல் பந்து எழும்பி விலாவில் பட்டது. இரண்டாவதுக்கு முன்காலை வைக்கப் பயந்து பின்வாங்கினான். மூன்றாவது பந்து தடியைச் சாய்த்தது. ரெனிஸ் பந்து 56 முதல் 59 கிராம் வரை இருக்கும். கடினப்பந்து 156 முதல் 163 கிராம், ஏறக்குறைய மூன்று மடங்கு. நிறை மட்டும் இல்லை. மென்பந்து மெதுவாக எழும்பி, அடிப்பதற்குக் காத்து நிற்கும். தையல் உள்ள தோல்பந்து விழுந்த இடத்தில் திரும்பும், வழுக்கும், சீறும். இருபத்துமூன்று வயது வரைக்கும் ஒன்றையே ஆடின கைக்கு மற்றது ஒரு நாளில் வராது.

அவனுக்குப் பிறகு வந்தவன் இங்கே தனியார் கல்லூரியில் படிக்கிற எங்கட ஊர் மாணவன். சனிக்கிழமை அவன் ஒன்றும் பெரிதாக அடிக்கவில்லை. ஞாயிறு அவன் ஆடினதைப் பார்க்க வேண்டும். முன்காலை நீட்டிப் பந்தின் தலையில் துடுப்பை வைத்தான். எழும்பிய பந்துகளை விட்டுவிட்டான். பதறவே இல்லை. பிறகு விசாரித்தேன். பதின்மூன்று வயதில் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு பாடசாலைக்கு மாறி, அங்கே வலைப்பயிற்சி எடுத்தவன். இருவரும் ஊரில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். ஒருவனுக்குப் பதின்மூன்றில் கடினப்பந்து கையில் கிடைத்தது, மற்றவனுக்குக் கிடைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எதிரணி துடுப்பெடுத்தாட இறங்கி நாலாவது ஓவரில் வானம் இருண்டது. மின்னல் வெட்டியதும் மத்தியஸ்தர்கள் எல்லாரையும் வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். சரியான முடிவு. இருபது ஓவர் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் குறைந்தது ஐந்து ஓவர் ஆடினால்தான் முடிவு காணலாம். ஆகவே முடிவில்லை. சூரிச் அத்தான் மட்டும் கைத்தொலைபேசியில், மழை குழப்பிய ஆட்டங்களுக்குப் போடுகிற டக்வேர்த் லூயிஸ் கணக்கைப் போட்டு, நாங்கள் வென்றதாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கடினப்பந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இருக்க வேண்டிய இடம் கோலாலம்பூர் இல்லை, ஊர். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐம்பது வயதுக்காரர் விரல் வீங்குவதற்காக மைதான வாடகை, இரண்டு மத்தியஸ்தர்கள், பந்துகள், கவசங்கள் என்று செலவழித்த கணக்கைப் பொருளாளர் தனியாக அனுப்புவார். இருந்தபடி வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904இல் இருந்து மோதுகின்றன. வடக்கின் பெரும்போர் என்றால் உலகத்தில் எங்கே இருந்தாலும் நேரலையில் பார்க்கிறோம். மத்திய கல்லூரியில் ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரிமியர் லீக்கில் யாழ் அணிக்கு ஆடினார், 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காக ஐபிஎல்லில் பந்து வீசினார். ஆனால் அந்த வரிசை ரவுண் பாடசாலைகளோடு நின்றுவிடுகிறது. எங்கட ஊர்ப் பாடசாலையில் ஒரு சோடி காற்காப்புக்கூட இல்லை.

நடராஜனை யாராவது இழுத்துக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். சேலத்துச் சின்னப்பம்பட்டியில் ரெனிஸ் பந்து போட்டவர், 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார், மென்பந்தில் என்ன குறை என்று கேட்பீர்கள். அவர் பந்துவீச்சாளர், காலடியில் விழுகிற யோர்க்கர் போடும் கை எந்தப் பந்துக்கும் உதவும். துடுப்பாட்டக்காரனுக்கு அப்படி இல்லை. அதைவிட, கையில் வசதி வந்த பிறகு அந்த மனிதர் தன் ஊரிலேயே ஒரு மைதானம் கட்டினார். 2023இல் அது திறக்கப்பட்டது. நாங்கள் வாடகை கொடுப்பது வேறு ஊர் மைதானத்துக்கு.

ஆகவே அடுத்த வருடம் இரண்டு நாளும் காலையில் மென்பந்து, எல்லாரும் ஆடலாம், மழைக்கு முன் முடிந்துவிடும். மிச்சப்படும் காசு ஊர்ப் பாடசாலைக்கு. புல் ஆடுகளக் கனவெல்லாம் வேண்டாம், தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க ஆளில்லை. சீமெந்துத் தளம் ஒன்றும் அதன்மேல் விரிக்கக் கயிற்றுப்பாயும் போதும். பாயை மழையில் விட்டால் உக்கிவிடும், மாடு ஆடு மிதிக்கும். சனசமூக நிலையத்தில் சுருட்டி வைக்க இடம் தருவார்களா என்று கேட்க வேண்டும். ஞாயிறு வாங்கிய காற்காப்புகளை அப்படியே அனுப்பிவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பத்து வயதுப் பிள்ளை அதைக் கட்டினால் இடுப்பு வரை வரும். சிறுவர் அளவில்தான் வாங்க வேண்டும். பந்தும் அப்படியே: பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம் வரையிலான பந்து இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முதல், ரவுணில் இருந்து ஒரு பயிற்றுவிப்பாளர் கிழமைக்கு இரண்டு நாள் வந்து போகச் சம்பளமும் பெற்றோல் காசும். இதற்கு வழி இல்லையென்றால் பாயும் வேண்டாம், பந்தும் வேண்டாம். சாமான் அனுப்பிப் படம் எடுத்துப் போட்டுவிட்டு மறந்த கதைகள் எங்கட சங்கத்தில் ஏற்கெனவே போதும்.

இப்போது ஊரில் நிற்பவர்கள் அதிபரிடம் கதைத்து, தளம் போட இடம் தருவாரா என்று அறிந்து எழுதுங்கோ. கடினப்பந்துக் கட்சிக்காரர் மறுப்பு எழுதுவதாக இருந்தால் மாத முடிவுக்குள் எழுதுங்கோ, செயற்குழு அதற்குப் பிறகு கூடுகிறது. மற்றது, என் காரில் ஒரு சாரமும் இடக்கைக் கையுறை ஒன்றும் தெள்ளிய மிளகாய்த்தூள் ஒரு பையும் கிடக்கின்றன. சாரமும் கையுறையும் உரியவர் கேட்டால் அனுப்புவேன். மிளகாய்த்தூளை நாங்கள் பாவிக்கத் தொடங்கிவிட்டோம்.

கோலாலம்பூரில் இருந்து,
கழகத்தின் பழைய விக்கெற் காப்பாளன்