நிலநடுக்கம்: முன்னுரைப்பு, வாய்ப்புக்கணிப்பு, உடனெச்சரிக்கை

வணக்கம்.

நிலநடுக்கக் கலைச்சொற்களுக்கான நம் வரைவைப் பற்றி இந்த இழையில் வந்த மடல்களைப் படித்தேன். முன்கணிப்பு, முன்னறிவிப்பு, முன்னெச்சரிக்கை என மூன்று சொற்கள் சுற்றி வருகின்றன. ஆனால் ஒருவர் ஒரு பொருளில் எழுத, அடுத்தவர் அதே சொல்லை வேறொன்றுக்கு வைக்கிறார். எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை இவை மூன்று வேறு வேலைகள். அதில் ஒன்று இன்றுவரை யாராலும் ஆகாதது.

அது இடம், நேரம், அளவு மூன்றையும் சேர்த்து முன்கூட்டிச் சொல்வது. ஒன்று விட்டுப்போனாலும் கணக்கில் வராது. 'அடுத்த மாதம் பசிபிக் ஓரத்தில் எங்காவது நிலம் நடுங்கும்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்; பலிக்கும். சீனாவின் ஹைச்செங்கில் 1975 பிப்ரவரி 4 அன்று 7.3 அளவு நிலநடுக்கம் வருமுன் மக்களை வெளியேற்றினார்கள், பல உயிர்கள் தப்பின என்று முந்தைய மடலொன்று சொல்கிறது. உண்மைதான். ஆனால் அங்கே பெரிய அதிர்வுக்கு முன் சிறிய அதிர்வுகள் அடுக்கடுக்காக வந்தன. மறு ஆண்டு, 1976 ஜூலை 28 அதிகாலையில், தாங்ஷானில் அப்படி எதுவும் வரவில்லை. அரசுக் கணக்குப்படியே 2,40,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1857 முதல் 1966 வரை சராசரியாக 22 ஆண்டுக்கு ஒருமுறை 6 அளவில் நடுங்கிய இடம். அடுத்தது 1993-க்குள் வந்துவிடும் என்று கருவிகளை வரிசையாக நட்டுக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28-இல். அத்தனை கருவிகளிலும் நம்பத்தக்க முன்குறி ஒன்றுகூடப் பதிவாகவில்லை. இந்த முதல் வேலைக்கு 'முன்னுரைப்பு' என்பேன். துணிந்து சொல்லிவிடுகிற தொனி அதில் இருக்கிறது. பொய்த்தால் பொய்த்தது என்று காட்டவும் முடியும்.

இரண்டாவது, வாய்ப்பைச் சொல்வது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 2014-இலிருந்து 30 ஆண்டுகளுக்குள் 6.7 அல்லது அதைவிடப் பெரிய நிலநடுக்கம் ஒன்றாவது வர 72 விழுக்காடு வாய்ப்பு என்பது இந்த வகை. ஜப்பானில் 2024 ஆகஸ்ட் 8 அன்று 7.1 அளவில் நடுங்கியதும், நாட்டின் தெற்குக் கடலடியிலுள்ள நான்காய் அகழிப் பகுதியில் பெருநிலநடுக்கத்துக்கான வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது, ஒரு வாரம் கவனமாக இருங்கள் என்றார்கள். அதுவும் இதே வகைதான். அதை 'நிலநடுக்கம் வரும் என்று கணித்தார்கள், பொய்த்தது' என்று எழுதுவது தவறு. வாய்ப்பு கூடியது என்றார்களே தவிர வரும் என்று சொல்லவில்லை. இதற்கு 'வாய்ப்புக்கணிப்பு' போதும். 'முன்னறிவிப்பு' வேண்டாம் என்பது என் கட்சி. 'முன்னறிவிப்பின்றி வந்தார்' என்று சொல்லிப் பழகிய காதுக்கு அது உறுதியான தகவல் போலத்தான் கேட்கும். வானிலைக்கு நிலைத்துவிட்டது, அங்கே இருக்கட்டும்.

மூன்றாவதில்தான் குழப்பம் அதிகம். ஜப்பானில் 2007 அக்டோபர் முதல் பொதுமக்களின் தொலைக்காட்சியிலும் பிறகு கைப்பேசியிலும் நிலநடுக்க எச்சரிக்கை ஒலிக்கிறதே, அந்த ஏற்பாட்டை 'முன்னெச்சரிக்கை' என்கிறோம். அது ஒலிக்கும்போது நிலநடுக்கம் ஏற்கனவே தொடங்கிவிட்டது! பாறை உடைந்ததும் முதன்மை அலை நொடிக்கு சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கட்டடத்தை உலுக்கும் இரண்டாம் நிலை அலை நொடிக்கு சுமார் மூன்றரை கிலோமீட்டர்தான். 100 கிலோமீட்டர் தள்ளியிருப்பவருக்கு முதல் அலை ஏறத்தாழ 17 நொடியிலும் அடுத்தது 29 நொடியிலும் வந்து சேரும். மையத்துக்கு அருகிலுள்ள கருவி முதல் அலையைப் பிடித்து, கணினி அளவை மதிப்பிட்டு, மின்சைகையில் செய்தி அனுப்பினால் அவருக்குப் பத்து, இருபது நொடி கிடைக்கும். மேசைக்கடியில் போகலாம், ரயில் வேகத்தைக் குறைக்கலாம், மின்தூக்கி அடுத்த தளத்தில் நின்று கதவைத் திறக்கலாம். இதில் 'முன்' என்பது உலுக்கும் அலை வந்து சேர்வதற்கு முன். நிலநடுக்கம் தொடங்குவதற்கு முன் அல்ல. போதாக்குறைக்கு, 'முன்னெச்சரிக்கை நடவடிக்கை' என்று வேறு பொருளிலும் அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. ஆகவே 'உடனெச்சரிக்கை'. காதுக்குப் புதிதுதான், பழகிவிடும்.

அப்புறம், 'முன்னதிர்வு' சரியான சொல்தான். ஆனால் விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பெரியது வந்த பிறகே ஓர் அதிர்வை முன்னதிர்வு என்று அழைக்க முடியும். 2011 மார்ச் 9 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலில் வந்த அதிர்வே 7-க்கு மேல். மார்ச் 11-இல் 9.0 வரும்வரை அதுதான் முதன்மை அதிர்வு. இப்போதுள்ள வரைவு 'பெரிய அதிர்வை அறிவிக்கும் சிற்றதிர்வு' என்கிறது. 'அறிவிக்கும்' என்பதை எடுத்துவிடுங்கள். 'சிற்' என்பதையும்தான்.

ஒன்று மிச்சம். நடுக்க மையத்தை ஒட்டி வாழ்பவர்களுக்கு உலுக்கல் முந்திவிடும், உடனெச்சரிக்கை பிந்திவிடும். அந்தப் பரப்புக்கு ஒரு பெயர் வேண்டும். 'குருட்டு வட்டம்' என்று வந்த முன்மொழிவு எனக்குப் பிடிக்கவில்லை, அங்கே பார்வைக்கு வேலையே இல்லை. 'எட்டா வட்டம்' என்று வைக்கலாமா? செய்தி நேரத்துக்கு எட்டாத வட்டம். இதைவிடச் சுருக்கமாகவோ தெளிவாகவோ ஒன்று தோன்றினால் இந்த இழையிலேயே போடுங்கள், வரைவில் இரண்டையும் வைத்துப் பார்ப்போம்.