புதுப்பிப்பு: ராணிப்பேட்டை ஏ.எச்.யூ.வின் பெல்ட் சத்தம் நின்றது

எங்கள் காலணித் தொழிற்கூடத்தின் ஏர் ஹேண்ட்லிங் யூனிட் (ஏ.எச்.யூ., கூடத்துக்குள் காற்றை அனுப்பும் இயந்திரம்) காலையில் இயக்கியவுடன் கிறீச்சிடுவதையும், எவ்வளவு இறுக்கினாலும் பெல்ட் விரைவில் தேய்ந்துபோவதையும் முன்பு எழுதியிருந்தேன். மோட்டார் புல்லியின் (பெல்ட் ஓடும் பள்ளமுள்ள சக்கரம்) தேய்மானமே காரணம். வி-பெல்ட் (V வடிவக் குறுக்குவெட்டுள்ள பெல்ட்) பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களையும் பற்றிக்கொண்டுதான் சுழல வேண்டும். எங்கள் புல்லியிலோ பள்ளத்தின் அடிப்பகுதி கண்ணாடிபோல் பளபளத்தது, அதாவது பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது.

புல்லியை மாற்றினோம். இரு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க, அவற்றின் முகப்பில் நூல் பிடித்து, ஒவ்வொன்றின் இரு விளிம்பிலுமாக நான்கு இடங்களிலும் நூல் படியும்வரை மோட்டாரை நகர்த்திய பிறகு, இரண்டு பெல்ட்டுகளையும் ஒரே செட்டாகப் புதிதாகப் போட்டோம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்ற வேண்டாம், மோட்டாரைத் தளர்த்தி முன்னால் தள்ளியே மாட்டுங்கள் என்று பிடிவாதமாகச் சொன்னேன். நெம்பினால் உள்ளிழை அறுந்துவிடும், வெளியே தெரியாது. புல்லிகளுக்கு இடையே 60 செ.மீ. இருப்பதால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விசையில் நடுவில் அழுத்தும்போது ஏறத்தாழ 10 மி.மீ. அமுங்கும்படி இறுக்கம் வைத்தோம். ஒரு நாள் ஓடியபின் மறுபடி அளந்தபோது தளர்ந்திருந்தது. புது பெல்ட்டுக்கு அது இயல்புதான், மீண்டும் சரிசெய்தோம்.

இப்போது சத்தம் இல்லை, இந்த வெயிலிலும் தையல் பிரிவுக்குக் காற்று குறையவில்லை. முன்பு அளவுக்கு மீறி இறுக்கியதால் பிளோயரின் (காற்றைத் தள்ளும் விசிறி) தண்டைத் தாங்கும் பேரிங் பாதிக்கப்பட்டிருக்குமோ என்ற கவலை மட்டும் இருக்கிறது. அதன் சூட்டைத் தினமும் குறித்து வருகிறேன்.